ஈயும் ஈயமும்: உறைகுளிரில் ட்ரவுட்டுக்குச் செயற்கை ஈ தெரிவு செய்தல்

டென்வரில் இருக்கும் தம்பியிடம் முதன்முறையாகத் தை மாதத்தில் போனபோது, வெள்ளவத்தை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு மாதமாகக் கட்டிச் சேர்த்த செயற்கை ஈக்களில் (முள்ளில் நூல், இறகு போன்றவற்றைச் சுற்றிப் பூச்சி போலச் செய்யும் தூண்டில் இரை) பாதியை சவுத் பிளாட் ஆற்றில் ஒன்று மாற்றி ஒன்றாகப் போட்டுப் பார்த்தும் ஒரு ட்ரவுட் மீன்கூட என்னுடையதைத் தொடவில்லை. பத்தடி தள்ளி நின்ற தம்பியோ, கறுப்பு நூல் சுற்றிய சீரகம் அளவான ஒரு முள்ளில் மூன்று மீன்களைப் பிடித்து, மூன்றையும் திரும்ப ஆற்றில் விட்டிருந்தான். அன்று எனக்குப் புரியாமல் போனதையே இங்கே எழுதுகிறேன். தூண்டிலை வீசும் முறையும் முடிச்சுகளும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் நீரின் வெப்பநிலையை அளந்து பாருங்கள். அந்த ஆற்றிலுள்ள சீஸ்மன் அணைக்கட்டின் ஆழத்திலிருந்து நீர் வெளியேறுவதால் அதற்குக் கீழே ஆறு மாரியிலும் முழுதாக உறைவதில்லை. ஆனால் வெப்பமானி நான்கு, ஐந்து பாகை செல்சியஸைக் காட்டினால், குளிர்குருதிப் பிராணியான ட்ரவுட் தன் சக்தியைச் சேமிப்பதற்காக ஆழமான, மெதுவாக ஓடும் இடங்களில் அடியோடு ஒட்டி நிற்கும் என்றும், வாய்க்கு நேரே வராத இரைக்காக இடம்பெயராது என்றும் கொள்ள வேண்டும். விடிகாலையில் எழுந்து ஓடத் தேவையில்லை. முற்பகல் பதினொரு மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் இடையில் நீர் ஓரிரு பாகை சூடேறும் நேரமே போதும். நுவரெலியாவின் தை மாதப் பனியைப் பார்த்தவர்கள் குளிரைத் தெரியும் என்று நினைப்பதுண்டு, நானும் நினைத்தேன். அங்கே புல்லில் உறைபனி படிந்தாலும் ஓடை நீர் உறைநிலையை நெருங்குவதில்லை.

அடுத்தது அளவு. முள்ளின் இலக்கம் கூடக்கூட முள் சிறிதாகும் என்பதை மறக்காமல், சிறிய ஈக்கு 20, 22 ஆகிய இலக்கங்களையே வாங்குங்கள். மாரியில் ஆற்றில் தொடர்ந்து கிடைக்கும் இரைகளுள் முக்கியமானது மிட்ஜ் எனப்படும், நுளம்பைப் போன்ற ஆனால் கடிக்காத பூச்சியின் புழுவாகும். அதற்குக் கறுப்பு நூலும் மேலே சுற்றிய மெல்லிய கம்பியுமே போதும். புறக்கோட்டையில் வாங்கிய தையல் நூலை நான் முயன்று பார்த்தேன். 22ஆம் இலக்க முள்ளில் அது கயிறு போலத் தடிக்கும். கம்பிக்கு மட்டும் கடை வேண்டாம், எரிந்துபோன மேசை விசிறியின் சுருளிலிருந்து உருவிய செப்புக் கம்பியையே நான் இன்றும் பயன்படுத்துகிறேன்.

இப்போது என்னை விழுத்திய இடத்துக்கு வருகிறேன். அன்று நான் நிறத்தை மாற்றினேன், உருவத்தை மாற்றினேன், அளவையும் மாற்றினேன். ஈ எந்த ஆழத்தில் போகிறது என்பதை மட்டும் பார்க்கவில்லை. தம்பி என் பெட்டியைத் தொடவேயில்லை. ஈக்கு ஒரு சாண் மேலே சிறிய ஈயக்குண்டு ஒன்றை நசுக்கிப் பூட்டினான். மூன்றாவது வீச்சில் மிதப்பு அமிழ்ந்தது. "அண்ணா, ஈயை விடுங்கோ, ஈயத்தைப் பாருங்கோ" என்றான். ஆகவே இரண்டு ஈக்களைச் சேர்த்துக் கட்டுங்கள்: மேலே டங்ஸ்டன் என்னும் பாரமான உலோக மணி கோத்த, 14 அல்லது 16ஆம் இலக்க ஃபெசன்ட் டெயில், அதன் முள்வளைவிலிருந்து சுமார் நாற்பது சென்றிமீற்றர் கீழே மிட்ஜ். இங்கிலாந்தின் ஏவன் ஆற்றுக் காவலராக இருந்த ஃபிராங்க் சோயர், நூலே இல்லாமல் செப்புக் கம்பியாலும் ஃபெசன்ட் பறவையின் வால் இறகிழையாலும் கட்டிய ஈ அது. கம்பியின் பாரமே அதை அமிழ்த்தும். பத்து வீச்சில் ஒருமுறையாவது ஈ அடியைத் தட்டாவிட்டால் ஈயை மாற்றாதீர்கள், பாரத்தைக் கூட்டுங்கள். ஒவ்வொரு வீச்சிலும் சிக்கினால் குறையுங்கள். ஈயக்குண்டுக்குத் தடை உள்ள இடங்களில் வெள்ளீயக் குண்டு கிடைக்கும்.

நிறத்தைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவதில்லை. கறுப்பில் தொடங்கி, அரை மணி நேரத்தில் ஒன்றும் நடக்காவிட்டால் சிவப்புக்கு மாறுங்கள். ஒட்சிசன் குறைந்த சேற்றில் வாழும் மிட்ஜ் புழுக்கள் சிலவற்றின் உடலில் ஹீமோகுளோபின் இருப்பதால் அவை உண்மையிலேயே சிவப்பாக இருக்கும். மூன்றாவதாக ஒன்று வேண்டுமானால், கொலராடோவில் ரிம் சங் உருவாக்கிய ஆர்எஸ்2 என்னும் சாம்பல்நிற ஈயை வைத்திருங்கள்.

கடைசி வேலையைக் கொழும்பிலேயே முடித்துவிட வேண்டும். தலை முடிச்சில் பூசும் வார்னிஷ் முள்ளின் காதுக்குள் வழிந்து காய்ந்துவிடும். வீட்டு மின்விளக்கின் கீழ் இது கண்ணுக்கே தெரியாது. ஆற்றில் விரல்கள் மரத்து, மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கும்போது, 6எக்ஸ் டிப்பெட்டை (ஈயைக் கட்டும் மெல்லிய நுனி நூலை) அந்தக் காதில் நுழைக்க நான் கால் மணி நேரம் போராடியிருக்கிறேன். வார்னிஷ் காயும் முன்பே ஒவ்வொரு காதிலும் மெல்லிய ஊசியை விட்டு எடுங்கள். அதைவிட நல்லது, இரட்டை ஈக்களை வீட்டிலேயே பிணைத்து, ஒரு துண்டு ரெஜிஃபோம் மீது சுற்றிக் குத்தி வைப்பது.

பின்சேர்க்கை: கட்டிய ஈக்கள் பெட்டிக்குள்ளேயே துருப்பிடிக்கின்றன என்று தெகிவளையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். கடற்காற்றின் உப்பும் ஈரமுமே காரணம். சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு, பெட்டியை உறையில் இறுக்கி மூடி வையுங்கள். இன்னொருவர் மிதக்கும் ஈ மாரியில் பயன்படாதா என்று கேட்டார். காற்றில்லாத மதியத்தில் மீன்கள் மேற்பரப்பில் வாய் திறப்பதைக் கண்டால், மயில்தோகை இழையில் கட்டிய கிரிஃபித்ஸ் நாட் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் இங்கே கிடைக்கும் மயிலிறகைப் பயணப்பெட்டியில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். பறவை இறகுகளைக் கொண்டுசெல்ல நாடுகள்தோறும் விதிகள் உண்டு. அந்த ஒன்றை மட்டும் அங்கேயே கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.