சந்தனக்கூடு லீவா? பேங்க் திறந்திருக்கும்

ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி தர்காவின் சந்தனக்கூடு திருவிழாவுக்கு கலெக்டர் உள்ளூர் விடுமுறை அறிவித்ததுமே, கீழக்கரை, தொண்டி பக்கமெல்லாம் "அன்னைக்கு எல்லாமே பூட்டுதான்" என்று பேச்சு பரவிவிடும். அப்படி இல்லை. வங்கி விடுமுறைகள் 1881-ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டத்தின் (Negotiable Instruments Act) கீழ்தான் அறிவிக்கப்படும்; உள்ளூர் விடுமுறை அதில் வராது. அதனால் வங்கிகள் வழக்கம்போல இயங்கும். நகைக்கடன் வட்டி கட்ட வேண்டியவர்கள் தாராளமாகப் போகலாம். பள்ளிக்கூடம், தாலுகா ஆபீஸ்தான் லீவு. கருவூலம் மட்டும் அவசர வேலைக்குக் குறைந்த ஆட்களோடு நடக்கும்.

அறிவிப்பைக் கடைசி வரி வரை படியுங்கள். இந்த லீவுக்குப் பதிலாக ஈடுசெய்யும் வேலைநாள் எந்தச் சனிக்கிழமை என்பது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பட்டா, சாதிச் சான்றிதழ் வேலையை அந்தச் சனிக்கிழமையில் முடித்துக்கொள்வது நல்ல யோசனை, வேலைக்குப் போகிறவர்களுக்கு ரொம்ப உதவும்.

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் போன வருடத் தேதியை நம்பி டிக்கெட் போடாதீர்கள். சந்தனக்கூடு துல்கஃதா என்ற இஸ்லாமிய மாதத்துப் பிறைக் கணக்கு. ஆண்டுக்கு 10, 11 நாள் முன்னால் நகரும். ராமேஸ்வரம் ஆடி அமாவாசையும் நகரும், ஆனால் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவுக்குள் வந்துவிடும். ஆடி அமாவாசை அன்றைக்கு, ராமேஸ்வரம் போகும் பாம்பன் பாலம் வழியாக அவசர வேலை எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம்.