தொடரின் கதையைப் பாட்டாக்காதீர்கள்: ரசிகர் இசைக்குழுக்கள் செய்யும் தவறுகள்

அறிவியல் புனைவுத் தொடர் ஒன்றின் மேல் பைத்தியமாக இருக்கும் நாலு பேர் சேர்ந்து பேண்டு தொடங்கினால், முதல் பாட்டு பெரும்பாலும் ஒரே அச்சில்தான் வரும். முதல் சரணத்தில் நாயகன் அறிமுகம், இரண்டாவதில் வில்லன், பல்லவியில் விண்கலத்தின் பெயர். தொடரைப் பார்த்தவருக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. பார்க்காதவருக்கு ஒன்றும் புரியாது.

இது சின்னக் கூட்டத்தின் விளையாட்டு என்று ஒதுக்கிவிட முடியாது. 'டாக்டர் ஹூ' என்ற பிரிட்டிஷ் காலப்பயணத் தொடரை வைத்துப் பாடுவதற்கு, அதன் நாயகனின் இனப்பெயரைக் கொண்டு டைம் லார்டு ராக், சுருக்கமாக ட்ராக், என்று தனிப்பெயரே உண்டு. 2008இல் பிரிட்டனில் தொடங்கிய கமீலியன் சர்க்யூட் என்ற குழு 2009இலும் 2011இலும் முழு ஆல்பங்களே போட்டது. ஆனால் எந்தத் தொடரின் ரசிகர்கள் பாடினாலும் சறுக்கும் இடம் ஒன்றுதான்: கதைச் சுருக்கத்துக்கு மெட்டுப் போடுவது.

அதே தொடரிலிருந்து ஒரு காட்சியை எடுத்துப் பார்க்கலாம். நாயகன் டாக்டரோடு பயணித்த சாரா ஜேன் ஸ்மித் 1976இல் விடைபெறும் அத்தியாயம். டாக்டர் அவளை அவள் வீட்டுப் பக்கம், லண்டனின் தெற்குக் கிராய்டனில், இறக்கிவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போகிறார். கையில் பெட்டியும் பொம்மை ஆந்தையுமாக நிற்கிறாள். அவருடைய கலம் மறைந்த பிறகு சுற்றிப் பார்த்தால், அது அவள் தெருவே இல்லை. கிராய்டனாகக்கூட இருக்காது என்று சொல்லிக்கொண்டு, விசிலடித்தபடி நடந்து போய்விடுகிறாள்.

இதை வைத்துப் பாட்டு எழுத உட்கார்ந்தால் உடனே வருவது 'காலத்தைக் கடந்தவன், கோள்களைக் காத்தவன்' என்ற மாதிரி வரிதான். அதை எந்தத் தொடரின் எந்த நாயகனுக்கும் ஒட்டலாம். அதற்குப் பதில் அவள் நிற்கிற இடத்திலிருந்து எழுதிப் பாருங்கள்: 'தெருவிளக்கு இடம் மாறி நிக்குது, வாசல் கதவு நிறம் மாறி இருக்குது, இறக்கி விட்டவனைக் கேட்கலாம்னா வானம்தான் இருக்குது.' டாக்டர் பெயர் வரவில்லை, கலத்தின் பெயர் வரவில்லை. ஆனாலும் ரசிகருக்கு முதல் வரியிலேயே பொறி தட்டும். மற்றவருக்கு, நம்பிக் கூடப் போனவரை நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போன ஒருவரைப் பற்றிய பாட்டு. விசில் வேறு காட்சியிலேயே இருக்கிறது, இடையிசைக்கு அதைவிட என்ன வேண்டும்? (அவள் விசிலடிக்கும் மெட்டை அப்படியே எடுக்காமல் உங்கள் மெட்டையே விசிலடியுங்கள்.)

இப்படி எழுதுவதில் இன்னொரு லாபமும் உண்டு. தொடர் தொடர்ந்துகொண்டே இருக்கும், இன்று உண்மையாக இருக்கும் தகவல் அடுத்த சீசனில் பொய்யாகிவிடும். முப்பது வருடம் கழித்து, 2006இல், சாரா ஜேன் திரும்பி வந்தபோது அவளை இறக்கிவிட்ட ஊர் ஸ்காட்லாந்தின் அபர்தீன் என்று தெரிந்தது. அதற்கு முன்பே யாராவது கிராய்டனை நம்பித் தகவல் பாட்டு எழுதியிருந்தால் அது அன்றோடு காலாவதி. 'இது என் தெரு இல்லையே' என்று எழுதியிருந்தால் பாட்டுக்குக் கனம் கூடியிருக்கும். தகவலுக்கு ஆயுள் குறைவு என்பதால் பாட்டை அதன் மேல் கட்டாமல் இருப்பதே நல்லது.

தொடருக்கே உரிய கலைச்சொற்களை அடுக்குவதும் இதே நோய்தான். ஒரு பாட்டுக்கு ஒன்றிரண்டு போதும்.

அப்புறம் ஒலி. விண்வெளி என்றாலே தெரமின் (தொடாமல் காற்றில் கையசைத்து வாசிக்கும் மின்னிசைக் கருவி) மாதிரி ஊளையிடும் சத்தம் வேண்டும் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. சிந்தசைசரில் அதற்கென்றே தயாராக வைத்த ஒலி, ஒரு ப்ரீசெட், இருக்கும், கை தானாக அங்கே போய்விடும். ஆனால் 1966இல் வந்த 'ஸ்டார் டிரெக்' முகப்பிசையில் பலரும் தெரமின் என்று நினைக்கும் அந்த ஒலி லூலி ஜீன் நார்மன் என்ற சொப்ரானோ (உச்சக்குரல்) பாடகியின் குரல். 'டாக்டர் ஹூ' முகப்பிசையிலும் தெரமின் கிடையாது. 1963இல் பிபிசியின் ஒலிப் பரிசோதனைக்கூடமான ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப்பில் டெலியா டெர்பிஷைர் அதை உருவாக்கியபோது கையில் சிந்தசைசரே இல்லை. மீட்டப்பட்ட ஒற்றைக் கம்பியின் சத்தத்தைப் பதிவுசெய்து, டேப்பின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் வேறு வேறு சுரங்களாக்கி, ஒவ்வொரு சுரத்தையும் வேண்டிய நீளத்துக்கு நறுக்கி ஒட்டிச் செய்ததுதான் அடியில் ஓடும் அந்த பேஸ் லைன். மெட்டு ஆசிலேட்டரிலிருந்து, அதாவது மின்னலையால் ஒலி எழுப்பும் கருவியிலிருந்து, வந்தது. பல டிராக் பதிவுக் கருவி இல்லாததால், டேப் கருவிகளை ஒன்றாக ஓடவிட்டுத்தான் எல்லாவற்றையும் கலந்தார்கள்.

அந்த ஒலியை அச்சு அசலாக நகலெடுக்க மாதக்கணக்கில் மெனக்கெடும் குழுக்கள் உண்டு. எனக்கு அது வீண் வேலையாகத்தான் படுகிறது. எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த வேலைமுறையை: உங்கள் வீட்டுக் கதவு கிறீச்சிடுவதைப் பதிவுசெய்து, பாதி வேகத்தில் ஓடவிட்டு, அதிலிருந்து ஒரு தாளம் செய்யுங்கள். யாரிடமும் இல்லாத ஒலி கிடைக்கும்.

மேடையில் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அத்தியாய விளக்கம் கொடுக்காதீர்கள். வேடம் போடுவதானால் அந்தக் கையுறையோடு கிட்டார் வாசிக்க முடிகிறதா என்று ஒத்திகையிலேயே பார்த்துவிடுங்கள்.

சரி, காப்புரிமைக்கு வருவோம். 'முப்பது விநாடிக்குள் எடுத்தால் தப்பில்லை' என்று ஒரு விதி உலவுகிறது. அப்படி எந்தச் சட்டத்திலும் இல்லை. 'லாப நோக்கமில்லாத ரசிகர் படைப்பு' என்று கீழே ஒரு வரி போட்டாலும் அது அனுமதி ஆகாது. தொடரின் வசனத்தை வெட்டிப் பாட்டில் ஒட்டினால் அது தொடரின் ஒலிப்பதிவையே எடுத்தாள்வதாகும், அதற்குத் தனி அனுமதி வேண்டும். முகப்பிசையைக் கவர் செய்வதிலும் (நீங்களே வாசித்துப் பாடி வெளியிடுவதிலும்) நாட்டுக்கு நாடு விதி மாறும். அமெரிக்காவில், ஏற்கெனவே பதிவாகி வெளிவந்த பாட்டை உரிய கட்டணம் செலுத்திக் கவராக வெளியிடக் கட்டாய உரிமம் உண்டு. ஆனால் வரிகளை மாற்றி எழுத அது இடம் தராது, காட்சியோடு சேர்த்து வீடியோவாகப் போடுவதற்கும் அது செல்லாது. ஒரு கருவையோ உணர்வையோ எடுத்துக்கொண்டு சொந்த மெட்டில் சொந்த வரியில் பாடினால் இந்தத் தலைவலியில் பெரும்பகுதி குறையும். பேண்டுக்குத் தொடரின் பெயரையே வைப்பதைத் தவிருங்கள், அங்கே வணிகச்சின்ன உரிமை குறுக்கே வரும்.

கடைசியாக, பலரும் யோசிக்காத ஒன்று: குழுவுக்குள் யாருக்கு எவ்வளவு பங்கு என்பது. 'டாக்டர் ஹூ' மெட்டை எழுதிய ரான் கிரெய்னர், டெர்பிஷைர் செய்து வைத்திருந்ததைக் கேட்டு அசந்துபோய், ராயல்டியில் பாதி அவருக்கும் சேர வேண்டும் என்று விரும்பினார். பிபிசியின் நடைமுறை இடம்கொடுக்கவில்லை. 'ஸ்டார் டிரெக்'கில் நடந்தது தலைகீழ். அலெக்சாண்டர் கரேஜ் போட்ட முகப்பிசைக்குத் தயாரிப்பாளர் ஜீன் ராடன்பெரி வரிகள் எழுதினார். தொடரில் அவை ஒருமுறைகூடப் பாடப்படவில்லை. ஆனால் பாடலாசிரியர் என்ற கணக்கில் ராயல்டியில் பாதி அவருக்குப் போனது.

நட்புக்காகச் சேர்ந்த பேண்டில் இதைப் பேசக் கூச்சமாகத்தான் இருக்கும். பாட்டு முடிந்த அன்றே மெட்டு யாருடையது, வரி யாருடையது, ஒலியமைப்பு யாருடையது, யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரு தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். யாராவது குழுவை விட்டுப் போனால் அவர் பாட்டை மற்றவர்கள் தொடர்ந்து பாடலாமா என்பதையும் அதே தாளில் சேர்த்துவிடுங்கள்.