மைக்ரோசாட்டிலைட் தேடலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிஎன்ஏ-வில் ஒன்று முதல் ஆறு எழுத்துகள் (ஏ, சி, ஜி, டி) கொண்ட சிறு துண்டு அடுத்தடுத்துத் திரும்பத் திரும்ப வந்தால் அது மைக்ரோசாட்டிலைட். பயிர் ரகங்களைப் பிரித்தறியவும், தடயவியலில் ஆளை அடையாளம் காணவும், சில பரம்பரை நோய்களைக் கண்டறியவும் இது உதவுகிறது. மிசா, டாண்டம் ரிபீட்ஸ் ஃபைண்டர் போன்ற மென்பொருள்களில் டிஎன்ஏ வரிசை உள்ள ஃபாஸ்டா கோப்பைக் கொடுத்தால் பட்டியல் கைக்கு வந்துவிடும். அதை அப்படியே எடுத்து எழுதுவதில்தான் பிரச்சினையே.

முதல் தவறு, மென்பொருளோடு வரும் அளவுகளைக் கேள்வி கேட்காமல் விடுவது. மிசாவின் வழக்கமான அமைப்பில் ஈரெழுத்துத் தொடர் 6 முறை, அதாவது 12 எழுத்து வந்தாலே போதும். டாண்டம் ரிபீட்ஸ் ஃபைண்டரில் பலரும் வைக்கும் அளவு, பொருந்தும் எழுத்துக்கு 2 மதிப்பெண், குறைந்தபட்சம் 50. 'சிஏ' இடைவிடாமல் 12 முறை வந்தாலும் 48 மதிப்பெண்தான், பட்டியலில் இருக்காது. ஆகவே எந்த மென்பொருள், என்ன அளவு என்று பார்க்காமல் இரண்டு ஆய்வுகளின் எண்ணிக்கையை ஒப்பிடாதீர்கள்.

அதைவிடப் பெரிய தவறு, பிசகில்லாத தொடரை மட்டும் தேடுவது. தடயவியலில் பயன்படும் டிஎச்01 என்ற டிஎன்ஏ இடத்தில் 9.3 என்றொரு வகை உண்டு, அதாவது 9 முழுத் துண்டும் 3 எழுத்தும். ஐரோப்பியரிடம் அது பரவலானது. 'ஏஏடிஜி' 6 முறை, பிறகு ஓர் எழுத்து குறைந்து 'ஏடிஜி', மறுபடி 'ஏஏடிஜி' 3 முறை. நாலெழுத்துத் தொடருக்கு 5 முறை என்று வரம்பு வைத்தால் முதல் 6 மட்டும் தெரியும். பின்னால் உள்ள 3 வரம்புக்குக் கீழே போய்விடும்.

பிசகை அனுமதித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. ஹண்டிங்டன் என்ற பரம்பரை மூளை நோயின் மரபணுவில் 'சிஏஜி' வரிசை முடிந்ததும் வழக்கமாக 'சிஏஏ சிஏஜி' வரும். தாராளமான மென்பொருள் இதையும் சேர்த்து இரண்டு கூட்டிச் சொல்லும். 'சிஏஜி' 36 முறை வருவதிலிருந்து நோய்க்கான எல்லை தொடங்கும் இடத்தில் இரண்டு என்பது சின்ன விஷயமல்ல. நோய் எந்த வயதில் தொடங்கும் என்பது இடையறாத 'சிஏஜி' நீளத்தையே அதிகம் சார்ந்திருக்கிறது என்று 2019-இல் வந்த ஆய்வுகள் காட்டின. தேடலுக்குத் தாராளமாக வையுங்கள். எண்ணுவதற்கு வரிசையைக் கண்ணால் பாருங்கள்.

'ஏசி', 'சிஏ', 'ஜிடி', 'டிஜி' நான்கும் ஒரே வகை. தொடங்கும் இடமும் இழையும்தான் வேறு. தனித்தனியாக எண்ணினால் அட்டவணையே தப்பாகிவிடும். ஈரெழுத்தில் மொத்தம் 4 வகை, மூவெழுத்தில் 10. இன்னொன்று: திரும்ப வரும் பகுதிகளை மறைக்கும் ரிபீட்மாஸ்கர் மென்பொருள் ஏற்கெனவே எழுத்துகளுக்குப் பதில் 'என்' போட்டு மறைத்த கோப்பைக் கொடுத்துவிட்டு ஒன்றும் கிடைக்கவில்லை என்று குழம்பாதீர்கள். ஒத்த வரிசைகளைத் தேடும் பிளாஸ்ட் மென்பொருளில் டிஎன்ஏ-வைத் தேடும்போதும் எளிய வரிசைகளை மறைக்கும் வடிகட்டி தானாகவே இயங்கும், அணைத்துவிட்டுத் தேடுங்கள்.

மென்பொருளைக் குறைசொல்லும் முன் தரவையும் பாருங்கள். ஃப்ராஜைல் எக்ஸ் நோயில் 'சிஜிஜி' 200 முறைக்கு மேல் வரும். அதுவே 600 எழுத்து. 150 எழுத்து ரீடுக்குள் (கருவி ஒரே தடவையில் படிக்கும் டிஎன்ஏ துண்டுக்குள்) அது முழுதாக அடங்காது. ரீடுகளை ஒட்டும்போது தொடர் சுருங்கிவிடும். அங்கே நீண்ட தொடர்களை அளக்கும் எக்ஸ்பான்ஷன்ஹன்டர் மென்பொருளும் மதிப்பீடாகத்தான் சொல்லும். சரியான எண்ணிக்கை வேண்டுமென்றால் தொடர் முழுவதையும் தாண்டிச் செல்லும் நீண்ட ரீடுகள் தேவை.