வட்டியா, இலாபப் பங்கா? கணக்குத் திறக்க முன் உங்கள் பழக்கத்தைப் பாருங்கள்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் மாடிக் குடியிருப்பின் கீழ் வீட்டு ராத்தாவிடம் (முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) ஒரு கொப்பி இருக்கிறது. இடது பக்கம் திகதி, வலது பக்கம் 41.70, 38.15 என்று சில்லறைத் தொகைகள். எல்லாம் அவருடைய சம்பளக் கணக்கில் சாதாரண வங்கி போட்ட வட்டி. இஸ்லாத்தில் வட்டி கூடாது என்பதால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூட்டிப் பார்த்து அவ்வளவையும் யாராவது கஷ்டப்பட்டவருக்குக் கொடுத்துவிடுவார். "தம்பி, இது ஸதகா, அதாவது தர்மம் இல்ல, வீட்டுக் குப்பைய வெளிய போடுற மாதிரி" என்பார்.

இந்த வருடம் அவருக்கு இஸ்லாமிய வங்கி முறையில், வட்டிக்குப் பதிலாக வங்கியின் இலாபத்தில் பங்கு தருகிற இலாபப் பங்குக் கணக்கு ஒன்று திறக்க நானும் கூடப் போனேன். எனக்கு மதக் கட்டாயம் எதுவும் இல்லை, ஆனாலும் நானும் ஒன்று திறந்துவிட்டு வந்தேன். அதில் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

வங்கிக்குப் போக முன் போன 12 மாதக் கணக்குக் கூற்றை எடுத்து, காசை எத்தனை முறை அள்ளியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். அதைவிட முக்கியமாக, பக்கத்து வங்கி இரண்டு வீதம் கூடத் தருகிறது என்று கேள்விப்பட்டால் மாற்றிவிடுகிற ஆளா நீங்கள் என்று உண்மையாக யோசியுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மலேசியாவில் சாதாரண வங்கிகளின் வட்டி ஏறும்போது இஸ்லாமிய வங்கி வைப்புகளில் ஒரு பகுதி அந்தப் பக்கம் நகர்வதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். வைப்பாளர்கள் ஓடிவிடுவார்கள் என்ற பயத்தில், வங்கியே தன் பங்கைக் குறைத்துக்கொண்டு அவர்களுக்குக் கொஞ்சம் கூடக் கொடுப்பதும் உண்டு. அதே நேரம் 2008இல் பாகிஸ்தானில் பதற்றம் கிளம்பி ஆட்கள் காசை எடுக்க ஓடியபோது, இஸ்லாமிய வங்கிக் கிளைகளில் அந்த ஓட்டம் குறைவாகத்தான் இருந்தது. ஒரே ஆள் ஒரு விஷயத்தில் அசைவார், இன்னொன்றில் அசையமாட்டார்.

நம்ம இலங்கையின் 2022ஐ நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது, பிறகு நிலையான வைப்புகளுக்கு 20 வீதத்துக்கு மேல் போனது, பழைய வைப்பை முறித்துப் புதிதாகப் போட எல்லோரும் வரிசையில் நின்றோம். இலாபப் பங்குக் கணக்கு அந்த வேகத்தில் ஏறாது, ஏனென்றால் வங்கி முன்பே பழைய விலைக்கு வாகனம், வீடு, சரக்கு என்று நிதி கொடுத்து முடித்திருக்கும், அந்த வருமானம் மெதுவாகத்தான் மாறும். இறங்கும்போதும் அப்படித்தான் மெதுவாக இறங்கும். (அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 வீதம். ஆக 25 வீதம் வாங்கியவரும் தோற்றவர்தான்.)

சரி, கவுண்டரில் என்ன கேட்பது? "எத்தனை வீதம் தருவீங்க" என்று கேட்காதீர்கள், "பங்கு விகிதம் என்ன" என்று கேளுங்கள். முளாரபா என்கிற இந்த இலாபப் பங்குக் கணக்கில் காசு உங்களுடையது, உழைப்பு வங்கியுடையது. உதாரணத்துக்கு எல்லா வைப்பாளர்களின் காசும் சேர்ந்து 5 கோடி, அதில் உங்களுடையது 5 இலட்சம், விகிதம் உங்களுக்கு 60, வங்கிக்கு 40. அந்த மாதம் 5 இலட்சம் ரூபாய் இலாபம் வந்தால் வைப்பாளர்களுக்கு 3 இலட்சம், அதில் நூற்றில் ஒரு பங்கான 3,000 ரூபாய் உங்களுக்கு. அடுத்த மாதம் இலாபம் 4 இலட்சமாகக் குறைந்தால் உங்களுக்கு 2,400. விகிதம் மாறவில்லை, கையில் வருவது மாறியது. போன மாதம் கொடுத்த வீதத்தை எழுதி ஒட்டியிருப்பார்கள், அது வாக்குறுதி இல்லை. விதிப்படி நட்டம் வந்தால், வங்கியின் கவனக்குறைவால் வந்ததாக இல்லாவிட்டால், அது காசு போட்டவருடையது. நடைமுறையில் நல்ல மாதங்களில் கொஞ்சம் ஒதுக்கி வைத்து மோசமான மாதத்தைச் சமாளிக்கிற வங்கிகள் உண்டு. அப்படி ஒதுக்குகிறார்களா என்று கேளுங்கள். ராத்தா கேட்டார், கவுண்டரில் இருந்த பிள்ளை உள்ளே போய் யாரிடமோ விசாரித்துவிட்டு வந்துதான் பதில் சொன்னது.

முழு இஸ்லாமிய வங்கி என்று இங்கே 2011இல் தொடங்கிய அமானா வங்கி இருக்கிறது. இலங்கை வங்கி, கொமர்ஷல் வங்கி, ஹற்றன் நஷனல் வங்கி போன்றவற்றில் தனிப் பிரிவு உண்டு. பிரிவில் திறப்பதாக இருந்தால், உங்கள் காசு வட்டிக் காசோடு கலக்காமல் தனியாக இருக்கிறதா, ஷரீஆ (இஸ்லாமியச் சட்டம்) மேற்பார்வை யார் என்று கேட்டுவிடுங்கள். இன்னொன்று, வைப்புக் காப்புறுதி ஒரு வங்கியில் ஒருவருக்கு 11 இலட்சம் வரைதான். அதே வங்கியில் சாதாரணக் கணக்கும் இஸ்லாமியப் பிரிவில் கணக்கும் வைத்தால் இரண்டு காப்புறுதி கிடைக்காது, நிறுவனம் ஒன்றுதான். கூடுதலாக இருந்தால் இரண்டு வங்கிகளில் பிரித்துப் போடுங்கள்.

வட்டிப் பக்கமே இருக்கிறவர்களுக்கு என் சொந்தக் கதை. 2023இல் உயர்ந்த வீதத்தில் போட்ட நிலையான வைப்பு (எஃப்.டி) முடிந்ததும் தானாகவே புதுப்பிக்கப்பட்டது, அதுவும் அப்போதிருந்த குறைந்த வீதத்தில். வங்கி அனுப்பிய குறுஞ்செய்தியை நான் பார்க்கவில்லை, மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. முறித்தால் வட்டி வெட்டு, முறிக்காவிட்டால் வயிற்றெரிச்சல். முடிகிற திகதியை போனில் குறித்துவைத்து, தானாகப் புதுப்பிக்கிற பெட்டியில் அடையாளம் போடாமல் விடுங்கள். அப்புறம் 2025 ஏப்ரலிலிருந்து வட்டியில் 10 வீதம் வரி பிடிக்கிறார்கள், ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்குக் கீழே என்றால் சுயபிரகடனப் படிவம் கொடுக்கலாம்.

ராத்தாவின் கொப்பி இன்னும் இருக்கிறது. இப்போது பின்பக்கத்திலிருந்து திருப்பி மாதாமாதம் இலாபத்தை எழுதுகிறார். குறைந்த மாதத்தில் கிளை முகாமையாளருக்கு போன் போகும்.