ஒரே மிஷினில் ரம்பம், பிளானர், திக்னசர்: கார்டைக் கழற்றாமல் தூளை உறிஞ்சுவது எப்படி?

ரம்பம், சர்ஃபேஸ் பிளானர் (பலகையின் முகத்தைச் சீவிச் சமமாக்குவது), திக்னசர் (பலகையை ஒரே தடிமனுக்குச் சீவுவது) மூன்றும் ஒரே உடம்பில் இருக்கும் மிஷினைப் புதிதாக வாங்கியவர்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது இது. முதல் வாரம் உற்சாகமாக வேலை நடக்கும். இரண்டாவது வாரம் பட்டறை முழுக்கத் தூள். மூன்றாவது வாரம் டஸ்ட் கலெக்டர் (தூளை உறிஞ்சிப் பையில் சேர்க்கும் மிஷின்) வந்துவிடும், ஹோஸ் மாட்ட இடைஞ்சலாக இருக்கிறது என்று கார்டு (வெட்டும் பகுதியை மூடும் பாதுகாப்புத் தகடு) கழன்று மூலைக்குப் போய்விடும். அந்த மூன்றாவது வாரம் உங்கள் பட்டறையில் வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

இந்த வகை மிஷினில் பல இடங்களில் ஒரே தகடுதான் விரலையும் காக்கிறது, தூளையும் குழாய்ப் பக்கம் திருப்புகிறது. அதனால் முதலில் கார்டு, அப்புறம் ஹோஸ். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

படி 1: பிளக்கைப் பிடுங்கிவிட்டு ரைவிங் கத்தியை அளந்து பாருங்கள்

சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்குங்கள். ரம்பத்துக்குப் பின்னால் நிற்கும் அந்த வளைந்த தகடுதான் ரைவிங் கத்தி. அறுத்த மரம் மறுபடி நெருங்கி பிளேடைக் கவ்வாமல் அது தடுக்கிறது. மரம் கவ்வினால் பலகை உங்கள் வயிற்றை நோக்கிப் பாயும்.

வெர்னியர் காலிபரால் இரண்டு அளவு எடுங்கள்: பிளேடின் உடம்புத் தடிமன், பல் வெட்டும் அகலம். உடம்பு 2.2 மி.மீ., வெட்டு 3.2 மி.மீ. என்றால் ரைவிங் கத்தி இரண்டுக்கும் நடுவில், 2.5 மி.மீ. போல இருக்கவேண்டும். மெலிசான பிளேடை வாங்கி மாட்டிவிட்டு பழைய கத்தியையே விட்டுவைத்தால் பலகை பாதியில் சிக்கி நின்றுவிடும். பல் நுனிக்கும் கத்திக்கும் இடையில் 3 முதல் 8 மி.மீ. இடைவெளி இருக்கட்டும்.

படி 2: மேல் கார்டு உங்கள் மிஷினோடு ஒத்துப்போகிறதா?

ரம்பத்துக்கு மேலே வரும் கார்டு இரண்டு விதம். ஒன்று ரைவிங் கத்தியின் மேலேயே மாட்டுவது. இன்னொன்று பக்கத்திலிருந்து நீளும் கையில் தொங்குவது. மூன்று வேலை செய்யும் மிஷினுக்குக் கத்தியில் மாட்டுவதே நல்லது என்பது என் கருத்து. பிளேடு ஏறி இறங்கும்போதும் சாயும்போதும் அதுவும் கூடவே போகும். அதை மாட்டியபடி காடி (பலகையில் ஓடும் பள்ளம்) வெட்ட முடியாது என்பது ஒன்றுதான் குறை. காடி வெட்டும்போது மட்டும் கார்டை எடுத்துவிட்டு, ரைவிங் கத்தியின் உச்சியைப் பல் நுனிக்கு 2, 3 மி.மீ. கீழே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் கார்டு திரும்ப ஏறிவிட வேண்டும்.

தொங்கும் கை வகையில் தூள் உறிஞ்சுவது நன்றாகவே இருக்கும். ஆனால் திக்னசருக்கு மாறும்போது பிளானர் மேசைகளை மேலே தூக்குவோம், அப்போது அந்தக் கையில் இடிக்கலாம். வாங்குவதற்கு முன்னால் கார்டின் அளவில் அட்டை வெட்டி மிஷின் மேல் வைத்துப் பாருங்கள். மேசையை முழுக்கத் தூக்குங்கள், பிளேடை 45 டிகிரி சாய்த்து வையுங்கள், ஃபென்ஸை (பலகையை ஒட்டித் தள்ளும் பக்கவாட்டுத் தடுப்பு) பிளேடுக்கு 20 மி.மீ. வரை நெருக்குங்கள். எங்கேயும் இடிக்கவில்லை என்றால் மட்டும் வாங்குங்கள். மாட்டிய பிறகு, மின்சாரம் கொடுக்காமல், பிளேடைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்க்கவேண்டும்.

படி 3: பிளானரும் திக்னசரும்

தூள் விஷயத்தில் இந்த மிஷினின் கடினமான பகுதி இதுதான். ரம்பம் தூள் போடும், பிளானர் மூட்டை மூட்டையாகச் சீவல் போடும்.

பிளானராக ஓடும்போது சீவல் கூண்டு கத்தி உருளைக்குக் கீழே இருக்கும், மேலே பாலம் போன்ற கார்டு உருளையை மூடும். திக்னசராக மாற்றும்போது அதே கூண்டைத் திருப்பி உருளைக்கு மேலே கொண்டுவருகிறோம். இப்போது சீவலை வாங்குவதும் அதுதான், சுற்றும் கத்தியை மூடுவதும் அதுதான். நல்ல மிஷினில் கூண்டு சரியாக உட்காராவிட்டால் மோட்டார் ஓடாதபடி சின்ன சுவிட்ச் வைத்திருப்பார்கள். ஹோஸ் இழுத்துக் கூண்டு லேசாகத் தூக்கிக்கொண்டால் மிஷின் நின்றுபோகும். எரிச்சலாகத்தான் இருக்கும். அதற்காக அந்த சுவிட்சை டேப் போட்டு அழுத்தி ஓட்டவே ஓட்டாதீர்கள். ஹோஸின் எடையைக் கூரையிலிருந்து கயிறு கட்டித் தாங்குங்கள், பிரச்சினை தீரும்.

கூண்டு திரும்பும்போது குழாய்வாயின் திசையும் மாறும். அதற்கு ஏற்ற நீளம் மட்டும் நெளி ஹோஸ் போதும். மீதி தூரத்துக்கு வழவழப்பான குழாய் போடுங்கள், நெளிவுகளில் காற்றின் வேகம் நிறையக் குறைகிறது.

படி 4: குழாய் அளவு

காய்ந்த மரச்சீவல் குழாயில் தங்காமல் ஓட, காற்று நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் போகவேண்டும். 100 மி.மீ. குழாயில் அதற்குச் சுமார் 330 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு 330 கன அடி) காற்று தேவை. ஈரமரம் என்றால் 28 மீட்டர். 4 இஞ்ச் குழாயை 2.5 இஞ்சாகக் குறுக்கினால் காற்று போகும் வாய் ஐந்தில் இரண்டாகச் சுருங்கிவிடும். அந்தச் சின்ன ஹோஸைப் பிளானருக்கு வைத்தால் சில நிமிடத்திலேயே அடைத்துக்கொள்ளும். ரம்பத்தின் மேல் கார்டுக்கு அது போதும். வேக்வம் கிளீனர் இருந்தால் மேல் கார்டுக்கு அதையே தனியாகக் கொடுத்துவிடலாம்.

இன்னொன்று, ஹார்டுவேர் கடையில் 4 இஞ்ச் என்று கேட்டால் 110 மி.மீ. பி.வி.சி. கிடைக்கும். அது வெளி அளவு. உங்கள் 100 மி.மீ. ஹோஸ் அதன் மேல் ஏறாது. காலிபரைக் கையோடு எடுத்துப் போங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் நடக்கும் என்பது இந்த மிஷினில் நமக்குச் சாதகம். ஒரே ஹோஸை மாற்றி மாற்றி மாட்டினால் போதும், அல்லது மூடி வைத்த கிளைக்குழாய் போடலாம். ஓடாத பக்கத்தின் மூடி சாத்தியிருக்க வேண்டும். ஹோஸுக்குள் இருக்கும் சுருள் கம்பியை எர்த்தோடு இணைத்துவிடுங்கள், நிலைமின்சாரம் கையில் அடிக்காது.

படி 5: ஓட்டிப் பாருங்கள்

கலெக்டரையும் மிஷினையும் ஒரே 16 ஆம்பியர் பிளக்கில் மாட்டாதீர்கள். மோட்டார் கிளம்பும் நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். முதலில் கலெக்டரைப் போட்டு, அது வேகம் பிடித்ததும் மிஷினைப் போடுங்கள். நிறுத்தும்போது முதலில் மிஷின், அரை நிமிடம் கழித்துக் கலெக்டர்.

மிஷினை ஓட்டாமல் கலெக்டரை மட்டும் போட்டு, ஒரு ஊதுபத்தியை ஏற்றி மேசை ஓரங்களிலும் கார்டின் அடியிலும் குழாய் இணைப்புகளிலும் காட்டுங்கள். தூள் பையில் பழைய தூள் இல்லாதபோது செய்யுங்கள், நெருப்பு உள்ளே இழுபடாதபடி தள்ளியே பிடியுங்கள். கார்டுக்கு அடியில் புகை உள்ளே போனால் சரி. குழாய் நடுவில் எங்காவது புகை இழுபட்டால் அங்கே ஓட்டை இருக்கிறது, டேப் போடுங்கள். சாணைக்கல்லில் உளி தீட்டும்போது இந்தக் கலெக்டரை அதன் பக்கம் திருப்பாதீர்கள். ஒரு பொறி மரத்தூள் பைக்குள் போனால் உள்ளுக்குள்ளேயே கனன்று, நீங்கள் வீட்டுக்குப் போனபிறகு எரியும்.

படி 6: பை

சீவல் கண்ணுக்குத் தெரியும். நுரையீரலுக்குப் போவது கண்ணுக்குத் தெரியாத தூள். புற்றுநோய் ஆராய்ச்சிக்கான பன்னாட்டு முகமை 1995-இல் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் குழுவில் சேர்த்தது. மூக்கில் வரும் புற்றுநோயோடு அதற்கு உள்ள தொடர்பு உறுதியானது. கலெக்டரோடு வரும் சாதாரணத் துணிப்பை இந்த மெல்லிய தூளைத் திரும்ப அறைக்குள்ளேயே ஊதுகிறது. ஒரு மைக்ரான் அளவு வடிகட்டும் பைக்கு மாற்றுங்கள், முடியாவிட்டால் கலெக்டரை வெளி வராந்தாவில் வையுங்கள். எம்.டி.எஃப். (மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) அறுக்கும் நாளில் இரண்டும் இருந்தாலும் என்95 மாஸ்க் போடுங்கள்.

திக்னசர் ஓடும் நாளில் பை சீக்கிரம் நிரம்பும். பாதி நிரம்பியதுமே காலி செய்யுங்கள். தட்டிக் கொட்டும்போதுதான் அதிகம் பறக்கும், அதனால் பையை மறுபடி மாட்டி முடிக்கும்வரை மாஸ்க் முகத்திலேயே இருக்கட்டும்.