ஜோசப்பின் கரி ஓவியத்தை எப்படிப் பார்ப்பது?

படத்துக்குச் சட்டம் போடுவது என் தொழில். போன மாதம் ஒரு ஓவியர் தான் வரைந்த கரி ஓவியத்தைக் கொண்டுவந்தார். படத்தில் இருப்பவர் அமெரிக்கப் பூர்வகுடிகளான நெஸ் பெர்ஸ் மக்களின் தலைவர் ஜோசப். 1903-இல் எட்வர்ட் கர்டிஸ் எடுத்த புகைப்படத்தைப் பார்த்து வரைந்தது. மூன்று நாள் என் மேசையில் இருந்தது. அதை வைத்தே சொல்கிறேன்.

முதலில் வெளிச்சம். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி நில்லுங்கள். தாளின் சொரசொரப்பில் மேடான இடத்தில் மட்டும் கரி பிடித்திருக்கும். விரலால் தேய்த்தால் பள்ளமும் அடைந்து சாம்பல் நிறமாகிவிடும். இந்தப் படத்தில் கன்னம் தேய்த்தது. நெற்றிச் சுருக்கத்தில் விரலே படவில்லை. கோடு போட்டதோடு சரி.

அப்புறம் வெள்ளையைத் தேடுங்கள். ஓவியர் வெள்ளை எதுவும் பூசவில்லை. தாளை அப்படியே விட்டிருக்கிறார், அல்லது ரப்பரால் கரியை ஒற்றி எடுத்திருக்கிறார். கண்ணில் கடுகளவு வெள்ளை. அதை மறைத்துக்கொண்டு பாருங்கள், பார்வையே போய்விடும்.

நான் அதிக நேரம் பார்த்தது முடியை. முன்முடி நெற்றிக்கு மேலே தூக்கி நிற்கிறது, இரண்டு பக்கமும் சடை. பாதிரிமார் மதம் மாறியவர்களை முடி வெட்டச் சொன்ன காலம் அது. பழைய நம்பிக்கையை விடாதவர்கள் இப்படித்தான் வைத்துக்கொண்டார்கள். அதனால் அந்த இடத்தில் கை எப்படிப் போயிருக்கிறது என்று பாருங்கள்: அடியில் அழுத்தி ஆரம்பித்து, மேலே போகப் போக இளைத்து, ஒரே வீச்சு. தயங்கித் தயங்கி இழுத்திருந்தால் அந்த நிமிர்வு வந்திருக்காது.

முகத்தைப் பார்த்ததும் 'பாவம்' என்று சொல்லி நகர்ந்துவிடாதீர்கள். 1877-இல் அமெரிக்கப் படை துரத்த, ஜோசப்பும் அவர் மக்களுமாகக் குழந்தை குட்டிகளோடு சுமார் 1,900 கிலோமீட்டர் போனவர்கள், கனடா எல்லைக்குச் சுமார் 65 கிலோமீட்டர் முன்னால் சரணடைந்தார்கள். சொந்த ஊரான வாலோவா பள்ளத்தாக்கில் மறுபடி குடியேற ஜோசப்பை விடவேயில்லை, 1904-இல் இறந்தார். இவ்வளவும் தெரிந்தபின் வாயைப் பாருங்கள். உதடுகள் சேரும் கோடுதான் முகத்திலேயே அழுத்தமான கறுப்பு. ஓவியர் அங்கே துக்கத்தை வரையவில்லை, உறுதியை வரைந்திருக்கிறார்.

வாங்கி மாட்டுவதானால் கண்ணாடி தாளில் படக்கூடாது, நடுவில் மவுண்ட் அட்டை வேண்டும். அக்ரிலிக் ஷீட் வேண்டாம், அது கரித்தூளை இழுத்துக்கொள்ளும். இந்தப் படத்தில் சடையின் நுனி வரையப்படாமல் தாளோடு கரைந்துபோகிறது. அது மறையாமலிருக்க, மவுண்ட்டை இரண்டு விரற்கடை தள்ளியே வெட்டினேன்.