புகைச் சீட்டில் இருக்கும் எண்களைப் படித்து, பழைய வண்டியின் நச்சுப்புகையைக் குறைப்பது எப்படி?

புகைச் சான்றிதழை, போலீஸ் கேட்டால் நீட்டுவதற்கான காகிதமாக மட்டுமே பலரும் வைத்திருக்கிறார்கள். அதில் அச்சாகும் எண்கள் எஞ்சினுக்குள் எது கெட்டிருக்கிறது என்பதைப் பெரும்பாலும் சரியாகக் காட்டிவிடும். ஒழுங்காகப் பராமரித்த பல வண்டிகள் சேர்ந்து விடும் நஞ்சை, பழுதான ஒரே ஒரு பழைய வண்டி தனியாக விட்டுவிடும். அதனால் சான்றிதழ் வாங்குவதோடு நிற்காமல் அந்த எண்களைப் பிடித்துக்கொண்டு பழுதைத் தேடுங்கள்.

பெட்ரோல் வண்டியை ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலேட்டர் கொடுக்காமல் எஞ்சின் மட்டும் ஓடும் நிலையில், நிறுத்தி இரண்டை அளக்கிறார்கள்: கார்பன் மோனாக்சைடு (சி.ஓ.) சதவீதத்தில், எரியாத ஹைட்ரோகார்பன் (ஹெச்.சி.) பி.பி.எம். (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) கணக்கில். 2000 மார்ச் 31 வரை தயாரான இருசக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கு வரம்பு 4.5 சதவீதமும் 9000 பி.பி.எம்.மும். அதற்குப் பின் வந்த பழைய தலைமுறை வண்டிகளுக்குச் சி.ஓ. 3.5 சதவீதம், ஹெச்.சி. ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு 4500, டூ ஸ்ட்ரோக்குக்கு 6000. கார்களில் பி.எஸ். 2-க்கு (பி.எஸ். என்பது பாரத் ஸ்டேஜ், அரசின் புகை விதிப் படிநிலை) முந்தையவற்றுக்கு 3 சதவீதமும் 1500-ம், பி.எஸ். 2 மற்றும் 3-க்கு 0.5 சதவீதமும் 750-ம், பி.எஸ். 4-க்கு 0.3 சதவீதமும் 200-ம். பழைய பைக்குகளுக்கான வரம்பு மிகத் தாராளமானது. ஒழுங்காக டியூன் செய்த கார்புரேட்டர் பைக் ஒன்று அல்லது இரண்டு சதவீத சி.ஓ.வில் நிற்கும். 3.4 வந்து தேறிவிட்டது என்றால் வேலை பாக்கி இருக்கிறது என்று அர்த்தம்.

சோதனைக்குப் போகுமுன் பத்து, பதினைந்து நிமிடம் வண்டியை ஓட்டிச் சூடாக்குங்கள். குளிர்ந்த எஞ்சின் அதிக பெட்ரோல் குடிக்கும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (சைலன்சர் வழியில் நஞ்சைக் குறைக்கும் பாகம்) உள்ள வண்டியில் அது ஏறத்தாழ 250, 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் வேலை செய்யும். வரிசையில் நெடுநேரம் அணைத்து வைத்திருந்தால், உங்கள் முறை வருமுன் இன்னொரு சுற்று ஓட்டிவிட்டு வாருங்கள். சோக் முழுவதும் உள்ளே இருக்க வேண்டும். சோதனைக் குழாய் சைலன்சருக்குள் சுமார் ஒரு அடி போக வேண்டும். நுனியில் மட்டும் செருகினாலும், சைலன்சரில் ஓட்டை இருந்தாலும், வெளிக்காற்று கலந்து எண்கள் பொய்யாகக் குறையும். சீட்டில் ஆக்சிஜனும் அச்சாகியிருந்து, அது ஏறுமாறாக அதிகம் இருந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

எண் சொல்லும் பழுது

சி.ஓ. மட்டும் அதிகம் என்றால் காற்றுக்குத் தேவையானதைவிட அதிகமாகப் பெட்ரோல் போகிறது. விலை குறைந்த காரணத்திலிருந்து தொடங்குங்கள். ஏர் ஃபில்டர் அடைப்பு, உள்ளே போகாமல் சிக்கிய சோக் கேபிள், பிறகு காற்று, பெட்ரோல் கலவையை மாற்றும் மிக்சர் ஸ்குரூ. இவை சரியாக இருந்தும் எண் இறங்கவில்லை என்றால் கார்புரேட்டரைத் திறந்து, பெட்ரோல் வரத்தை அடைக்கும் ஃப்ளோட் பின்னைப் பாருங்கள். அதன் ரப்பர் முனையில் தேய்ந்த வளையம் தெரிந்தால் மாற்ற வேண்டும். ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடும் ஸ்லோ ஜெட்டை ஊசியால் குத்திச் சுத்தம் செய்திருந்தால் அதன் துளை பெரிதாகியிருக்கும். அதையும் புதிதாகப் போடுங்கள், விலை சொற்பம்தான்.

ஹெச்.சி. மட்டும் அதிகம், சி.ஓ. குறைவு என்றால் பெட்ரோல் தீப்பிடிக்காமலே வெளியே வருகிறது. பிளக், பிளக் கேப், பிளக்குக்கு மின்சாரம் கொண்டுவரும் ஹெச்.டி. ஒயர் மூன்றையும் பாருங்கள். பல பைக்குகளுக்குப் பிளக் இடைவெளி 0.7, 0.8 மி.மீ. வால்வைத் தள்ளும் டேப்பட்டின் இடைவெளி இறுகிப்போனாலும் வால்வு முழுதாக மூடாமல் இதே எண் வரும். பல 100 சிசி வண்டிகளுக்கு அது 0.05 முதல் 0.10 மி.மீ.; உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ளபடி, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வையுங்கள். கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவிலுள்ள ரப்பர் குழாயில் வெடிப்பு விட்டிருந்தால் காற்று அதிகமாகி மிஸ்ஃபயர் ஆகும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் பழைய ரப்பர் பாகங்களை உப்பவும் வெடிக்கவும் வைக்கக்கூடும் என்பதால், இருபது வயது வண்டியில் இந்தக் குழாயைக் கையால் வளைத்துப் பார்ப்பது அவசியம்.

இரண்டுமே அதிகம் என்றால் முதலில் சி.ஓ.வைச் சரிசெய்துவிட்டு மறுபடி அளக்கவும். அளவுக்கு மீறிய பெட்ரோலால் பிளக் கரியேறியே ஹெச்.சி. கூடியிருக்கும். புகை நீலமாக இருந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டு மீண்டும் கொடுக்கும்போது மட்டும் வந்தால் வால்வு சீல். ஏற்றத்தில் இழுக்கும்போதெல்லாம் வந்தால் ரிங், போர் வேலை (பிஸ்டன் வளையமும் அது ஓடும் சிலிண்டரும் தேய்ந்துவிட்டன). இதை எந்த டியூனிங்கும் மறைக்காது.

மிக்சர் ஸ்குரூவில்தான் தவறு அதிகம் நடக்கிறது. அது கார்புரேட்டரின் ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் காற்றை ஆளும். உள்ளே திருகினால் பெட்ரோல் கூடும். எஞ்சின் பக்கம் இருந்தால் கலவையை ஆளும். உள்ளே திருகினால் பெட்ரோல் குறையும். முனை நசுங்காதபடி மெதுவாகக் கடைசிவரை மூடி, ஒன்றரைச் சுற்றுத் திறந்து, சூடான எஞ்சினில் கால் சுற்றுக் கால் சுற்றாக நகர்த்தி, ஐட்லிங் வேகம் உச்சமாகும் இடத்தில் நிறுத்துங்கள். பிறகு ஐட்லிங் ஸ்குரூவால் வேகத்தைக் கையேடு சொல்லும் அளவுக்கு இறக்குங்கள்.

சோதனைக்காக மட்டும் பெட்ரோலைக் குறைத்துச் சீட்டு வாங்கிவிட்டு, வாசலிலேயே பழையபடி திருகுவது வழக்கமாகிவிட்டது. அப்படிக் குறைத்தபடியே ஓட்டினால் எஞ்சின் கொதிக்கும், டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். திருப்பி வைத்தால் அந்த நஞ்சு முதலில் உங்கள் வீட்டுக் குழந்தைகளின் மூக்குக்குத்தான் போகும்.

டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி டூ-டி ஆயில் போதும். எஞ்சினுக்கு நல்லது என்று 40, 50 ஊற்றினால் மிச்சமெல்லாம் புகைதான். எஞ்சின் ஆயிலையோ மண்ணெண்ணெயையோ கலக்கவே கூடாது. புகை குறைந்த வகை டூ-டி ஆயிலாக வாங்கி, எக்ஸாஸ்ட் போர்ட்டிலும் சைலன்சரிலும் படிந்த கார்பனை எடுத்துவிட்டால் வித்தியாசம் கண்ணாலேயே தெரியும்.

டீசல்

இங்கே அளப்பது புகையின் அடர்த்தி. பி.எஸ். 4-க்கு முந்தைய வண்டிக்கு வரம்பு 65 ஹார்ட்ரிஜ் அலகு, பி.எஸ். 4-க்கு 50. கியர் போடாமல் ஆக்சிலேட்டரைச் சட்டென்று முழுக்க அழுத்திப் பலமுறை அளப்பார்கள். டைமிங் பெல்ட் மாற்றும் காலம் தாண்டியிருந்தால் அதை மாற்றாமல் இந்தச் சோதனைக்குப் போகாதீர்கள். பெல்ட் அறுந்தால் வால்வுகள் வளைந்துவிடும். கரும்புகைக்கு ஏர் ஃபில்டர், டர்போ ஹோஸில் கசிவு, திறந்தபடி சிக்கிய இ.ஜி.ஆர். வால்வு (புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்கே திருப்பி விடுவது), நாசில் (டீசலைத் தூவும் முனை) என்ற வரிசையில் பாருங்கள். நாசிலைக் கழற்றி, டீசல் பம்ப் பழுது பார்க்கும் கடையில் டெஸ்ட் பெஞ்சில் வைத்தால், தூவலாக அடிக்கிறதா, சொட்டுகிறதா என்று தெரியும். இழுவைக்காக, எஞ்சினுக்கு டீசலை அனுப்பும் பம்பின் சீலை உடைத்து டீசலைக் கூட்டியிருந்தால், மற்ற எதைச் செய்தும் பயனில்லை. பம்பை அளவுக்குக் கொண்டுவந்து மறுபடி சீல் வையுங்கள்.

கழிக்கும் நேரம்

போர் வேலை, கன்வெர்ட்டர், பம்ப் செலவு வண்டியின் விலையைத் தாண்டினால் கழித்துவிடுவதே நல்லது. ஆனால் காயலான் கடைக்குப் போடாதீர்கள். ஆர்.சி. உங்கள் பெயரிலேயே உயிரோடு இருக்கும்; அந்த எண்ணில் யார் என்ன செய்தாலும் உங்களிடம்தான் வருவார்கள். 2021 செப்டம்பரில் வந்த மத்திய விதிகளின்படி பதிவுபெற்ற வாகனக் கழிப்பு மையத்துக்கே கொடுங்கள். அதற்கு முன் வங்கிக் கடன் குறிப்பை ஆர்.சி.யிலிருந்து நீக்கி, அபராதங்களைக் கட்டி முடியுங்கள். பெரும்பாலும் தாமதம் இங்கேதான். அசல் ஆர்.சி., அடையாளச் சான்று, வங்கி விவரம் கேட்பார்கள். உரிமையாளர் இறந்திருந்தால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வேண்டும்.

வண்டியை ஒப்படைத்ததும் டெபாசிட் சான்றிதழ் தருவார்கள். புது வண்டி வாங்கும்போது அதைக் காட்டினால் பதிவுக் கட்டணம் கிடையாது. சாலை வரியில் சொந்த வண்டிக்கு 25 சதவீதம் வரை, வாடகை வண்டிக்கு 15 சதவீதம் வரை சலுகை தர விதி இடம் கொடுக்கிறது. எவ்வளவு என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதால் புது வண்டிக்கு முன்பணம் கட்டுமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சில நாள் கழித்து, அரசின் வாகனப் பதிவு இணையதளமான வாஹன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு, பதிவு ரத்தானதாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். கார் என்றால் ஃபாஸ்டேக்கை மூடி மீதப் பணத்தைத் திரும்ப வாங்குங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் நோ கிளைம் போனஸுக்கான (இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்கான பிரீமியத் தள்ளுபடி) கடிதம் கேளுங்கள், அது அடுத்த வண்டிக்கு உதவும்.